எந்த நாள் என்று எழுதுங்கள்

விருத்தாசலம்,
19.1.2008

திரு. ஜெயராஜ் அவர்களுக்கு, வேல்விழியின் அம்மா கண்ணம்மாள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எட்டாவது வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை எழுதப் போய்ப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் நலம் இல்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

கொளஞ்சி சொன்னான். உங்களோடு வடக்கே மோர்பியில் டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறானே, வேப்பூர்க்காரன், அவன்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் பழைய முதலாளியைப் பார்க்க எங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு வந்தான். நான் காயவைத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்தேன். “இன்னாக்கா, பொண்ணு போயி ரெண்டு மாசம் ஆவுது, வூட்லேருந்து ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கலியே” என்றான். எங்கே போனாள் என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்விட்டாள், பெண் குழந்தை பிழைத்திருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் கையிலிருந்த யானைப் பொம்மையின் தும்பிக்கை ஒடிந்து மடியில் விழுந்தது.

எந்த நாள் என்று கேட்டேன். “தீவாளி போயி கொஞ்ச நாளுக்கா. நான் அப்ப ராத்திரி ஷிப்ட்டு, தேதி நெனப்பில்ல” என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவன் பெற்ற பெண்ணா?

இங்கே நடந்தது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாசி மகத்தன்று, ஊரே மணிமுத்தாற்றில் முழுகிக்கொண்டிருந்தபோது, நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினீர்கள். ஒரே பெண். வேதக்காரப் பையனோடு, அதுவும் அந்தத் தெருப் பையனோடு போய்விட்டாள் என்று என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சூளையடியில் நாலு பேர் கேட்டார்களாம். அன்றைக்கே வேல்விழியின் அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டு வந்தார். அதோடு விட்டிருந்தால் நானும் எல்லா வீட்டையும் போல என்று இருந்திருப்பேன். அவர் விடவில்லை. அடுத்த வருஷ மாசி மகத்தன்று ஆற்றங்கரையில் ஐயர் முன்னால் உட்கார்ந்து, தன் அப்பா அம்மாவுக்குக் கொடுத்த எள்ளும் தண்ணீரும் முடிந்த பிறகு, அவளுக்கும் கொடுத்தார். பெயர் சொல்லி, நட்சத்திரம் சொல்லிக் கொடுத்தார். அதற்கடுத்த வருஷமும் கொடுத்தார். வீட்டில் அவள் போட்டோவுக்கு மாலை போட்டுப் படையல். என்னைத்தான் சமைக்கச் சொன்னார். “அவளுக்குப் பிடிச்சதா பாத்து ஆக்கு” என்றார். உயிரோடு இருந்து எங்கேயோ உலை வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கத்திரிக்காய்க் கொத்சு செய்து இலையில் வைத்த கை இது. ஊரெல்லாம் தேர் பார்த்துவிட்டு வளையலும் பொரியும் வாங்கிக்கொண்டு போகும் நாளில், எங்கள் வீட்டில் மட்டும் வராத சாவுக்கு வருஷ திவசம்.

இப்போது சாவே வந்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன். அவள் போனது எந்த நாள், எந்த நேரம் என்று எழுதுங்கள். மாசி மகம் அவர் வைத்த நாள். அது பொய் நாள். எனக்கு நிஜ நாள் வேண்டும். நாள் தெரியாமல் செத்தவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாமல் போனவர்களுக்கு உள்ள வழி அது. பெற்ற மகளின் நாள் தெரியாதவள் என்று நான் அந்த வரிசையில் போய் நிற்க மாட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இல்லை என்று எழுதினால் அது பொய். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்ப முடியாத ஊருக்கு அவளைக் கூட்டிப்போனீர்களே என்று ராத்திரி முழுக்க உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம், அனுப்பியிருந்தால் இந்த வீட்டுக் கதவை யார் திறந்திருப்பார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இவருக்கு இன்னும் தெரியாது. சொல்லப் பயமாக இருக்கிறது. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக்கூட விடவில்லை, தாடியும் எடுக்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். பதிலை எங்கள் வீட்டு விலாசத்துக்குப் போடாதீர்கள். என்னோடு வேலை செய்யும் ராஜம்மாள் விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். அவளும் உங்கள் சர்ச்சுக்காரிதான், பிரித்துப் பார்க்க மாட்டாள்.

குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்கிறதா என்றும் எழுதுங்கள். 

இப்படிக்கு,
வேல்விழியின் அம்மா


விருத்தாசலம்,
24.2.2008

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தச் சொல்லை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. எழுதிய நேரம் இப்படி ஆகிவிட்டது.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ராஜம்மாள் மதியச் சாப்பாட்டு வேளையில் கொடுத்தாள். கம்பெனிக்குப் பின்னால் உடைந்த பீங்கான் கொட்டிக் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்து படித்தேன். குழந்தைக்கு அன்பரசி என்று பெயர் வைத்திருப்பதும், உங்கள் அம்மா அங்கே வந்து பார்த்துக்கொள்வதும் தெரிந்தது. அவளுடைய அம்மா பெயரையே வைக்காமல் விட்டது நல்லது. கூப்பிடும்போதெல்லாம் யாருக்காவது நெஞ்சு அடைக்கும்.

நவம்பர் இருபத்து நாலு, மத்தியானம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து போன வருஷ நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். பௌர்ணமி. கார்த்திகை தீபம்.

அன்று சாயங்காலமே சூளைக் கம்பெனிக்குப் போன் செய்து மாமாவிடம் சொன்னதாகவும், அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சூளையில் நெருப்பு இருக்கும்போது இடையில் எழுந்து வருகிற மனுஷர் இல்லை அவர். அன்றைக்குப் பொழுதோடு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடிபம்புக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சூளைப் புழுதி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஈரத்தோடு வந்து, “இந்த வருஷம் வெளக்கு வாணாம்” என்றார். “நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது? எண்ணெய்க் காசுல கோட்டையா கட்டப்போறீங்க?” என்று நான் கத்தினேன். நான் வாசல், மாடம், கைப்பிடிச் சுவர் எல்லாம் விளக்கு வைத்தேன். ஒன்று அணைந்தால் ஓடிப்போய் ஏற்றினேன். அவர் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொரி உருண்டை கொண்டுபோய் நீட்டினேன், வேண்டாம் என்றார். நான் தின்றேன். என் பெண் மத்தியானம் போயிருக்கிறாள், நான் ராத்திரி பொரி உருண்டை தின்றிருக்கிறேன்.

வெள்ளையடிக்கக் கூடாது, பொங்கலுக்குப் புதுத்துணி கூடாது, தாடி எடுக்கக் கூடாது. அவர் தீட்டுக் காத்திருக்கிறார், மாப்பிள்ளை. தனியாக, திருட்டுத்தனமாக, என்னிடம்கூடச் சொல்லாமல். நானோ ஒரே வீட்டில் இருந்துகொண்டு பண்டிகை கொண்டாடியிருக்கிறேன்.

கேட்டுவிட்டேன். சோறு போட்டுவிட்டு, “ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா” என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “நமக்கு அவ செத்து மூணு வருஷம் ஆவுது” என்றார். அப்படியானால் இந்தத் தாடி எதற்கு என்று கேட்டேன். எழுந்து கைகழுவப் போய்விட்டார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. எனக்கு அவரைக் கொன்றுபோட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பாத்திரம் தேய்த்தேன்.

வியாழக்கிழமை மாசி மகம். காலையில் குளித்துவிட்டு எள்ளையும் வேட்டியையும் எடுத்து வைத்தேன். அப்பா அம்மாவுக்காவது கொடுக்க வேண்டுமே. அவர் அதைப் பார்த்தார். “நான் வரல. சூளைக்குப் போறேன்” என்றார். மாசி மகத்துக்கு எந்தக் கம்பெனியும் கிடையாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போய்விட்டார். ஆறிப்போன சூளைக்கு முன்னால் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார் என்று காவல்காரர் சொன்னார். உயிரோடு இருந்தவளுக்குக் கணீரென்று பெயர் சொல்லிக் கொடுத்த மனுஷருக்கு, செத்தவளின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். உங்கள் மதத்தில் இதை நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. போன ஆடி மாதம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இவர் மேல் பிராது கட்டினேன். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போகமுடியாத வழக்கையெல்லாம் அங்கேதான் எழுதிக் கட்டுவோம். “உயிரோடு இருக்கும் என் மகளுக்கு என் புருஷன் மாசி மகத்தில் எள்ளுத்தண்ணீர் விடுகிறார். இனிமேல் விடக்கூடாது. சாமிதான் நிறுத்த வேண்டும்” என்று எழுதினேன். சாமி நிறுத்திவிட்டார். நான் கேட்டது எதுவோ அதுதான் நடந்திருக்கிறது. வழக்கு முடிந்துவிட்டால் திரும்பப் போய், தீர்ந்துவிட்டது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை எடுத்துவிட வேண்டும் என்பது முறை. நான் போகவில்லை. என் வழக்கு தீர்ந்துவிட்டது என்று எந்தக் கையால் எழுதுவது?

அவர் வராததால் நானே ஆற்றுக்குப் போனேன். மணலில் கால் வைக்க இடமில்லை. ஒரு ஐயரிடம் போய் என் மகளுக்குக் கொடுக்க வேண்டும், நாள் கார்த்திகைப் பௌர்ணமி என்றேன். “ஆம்பளை யாரும்மா வந்திருக்கா?” என்றார். ஒருவரும் இல்லை என்றேன். பெண்பிள்ளை உட்காரக் கூடாது, அவள் புருஷனை வரச்சொல்லுங்கள் என்றார். அவள் புருஷன் சர்ச்சுக்குப் போகிறவர் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நிஜ நாளும் கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எனக்குப் போக்கிடம் இல்லை.

மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். காலையில் குழந்தை பிறந்தது, மத்தியானம் வேல்விழி போய்விட்டாள் என்று. நானும் பாவி, அவள் நாளை மட்டும் பிடித்துக்கொண்டு, அதே நாள்தான் குழந்தையின் பிறந்தநாள் என்பதை விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை, இந்த வீட்டில் ஒரு நாளைச் சாவுநாளாக்கி அந்த நாளே நாசமாய்ப் போனதைப் பார்த்தவள் நான். அன்பரசிக்கு அப்படி ஆகக்கூடாது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா போட்டோவுக்கு முன்னால் நின்று அழுகிற பெண்ணாக அவள் வளரக்கூடாது. அதனால் நாளைப் பிரித்துக்கொள்வோம். உங்களுக்கு இங்கிலீஷ் தேதி, எங்களுக்குத் திதி. புது நாள்காட்டியில் பார்த்தேன், இந்த வருஷம் தீபம் டிசம்பரில் வருகிறது. நவம்பர் இருபத்து நாலு குழந்தைக்கு. கார்த்திகை தீபம் எனக்கு. எப்போதாவது ஒரு வருஷம் இரண்டும் ஒன்றாக வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், நான் அதுவரை இருக்க வேண்டுமே.

எனக்கு ஐயரும் வேண்டாம், ஆறும் வேண்டாம். தீபத்தன்று ஊரே விளக்கு வைக்கும். அதில் நான் வைக்கிற விளக்கு யாருக்கு என்று ஒருவரும் கேட்க முடியாது. இவரும் கேட்க முடியாது. வேண்டாம் என்றாலும் வைப்பேன்.

பக்கத்து ஊரில் உங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு எப்போதாவது வந்தாலும் குழந்தையை இந்த ஊர்ப்பக்கம் கூட்டிவராதீர்கள். இவருக்காகச் சொல்லவில்லை. இவருடைய பங்காளிகளுக்கு இன்னும் ஆறவில்லை. அவள் நிறமா, உங்கள் நிறமா, எப்படிச் சிரிக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள். போட்டோ அனுப்ப வேண்டாம், இந்த வீட்டில் போட்டோ என்றாலே மாலைதான் நினைவுக்கு வருகிறது.

குழந்தை நூறு வயசு இருக்கட்டும். நீங்களும் சூட்டில் நின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள். நவம்பர் இருபத்து நாலு அன்று அவளுக்குப் புதுச்சட்டை போட்டு, கேசரி கிண்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் யாரும் அழக்கூடாது, நீங்களும்தான். உங்கள் பங்கையும் சேர்த்து நான் தீபத்தன்று அழுதுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்
கண்ணம்மாள்