பெட்டி பிறந்தபோது வந்த சர்க்கரை

14-8-1983
பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அருள்ஜோதிதானே?" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். நூருன்னிசா! ஐந்து வருடத்துக்கு முன் என் மகள் பெட்டி பிறந்தபோது பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை. இன்று என் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாளாம். முகமெல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறதாம்.

"குழந்தை பொறந்ததும் சர்க்கரை போயிடுச்சுன்னுதானே சொன்னாங்க லா? எனக்கே தெரியாம திரும்ப வந்து கண்ணைப் புடிச்சிருச்சு. நீ செக் பண்ணிட்டியா?"

பண்ணிட்டேன் என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

15-8-1983
வருடம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று அன்றே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒருமுறைகூடப் போகவில்லை. நாலு கிலோ முந்நூறு கிராம் பிள்ளை என்று எல்லோரும் மெச்சியதில் மறந்துவிட்டேன். மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா?

லாசரஸிடம் சொன்னேன். "நல்லாத்தானே இருக்க? சும்மா எதையாவது தேடிப் போகாத" என்றார். கணவர் வாயால் அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம்.

22-8-1983
தண்ணீர் குடித்தால் பயம். பாத்ரூம் போனால் பயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும்போது எண்கள் மங்கின. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், சரியாயிற்று.

2-9-1983
பிடோக் கிளினிக். வெறும் வயிற்றில் ரத்தம், ஒரு கிளாஸ் சீனித் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். அந்த இரண்டு மணி நேரம்— என்னென்ன நினைச்சேன்! பெட்டிக்கு யாரு சடை போடுவா? செத்தாலும் பரவால்ல, கண்ணு மட்டும் போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம், ஐயோ, சாகவும் கூடாதுன்னு.

9-9-1983
கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி சரோஜினி, யாழ்ப்பாணத்துக்காரர். "இப்ப நோய் இல்லை பிள்ளை. ஆனா சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் நிக்குது. வராது எண்டு சொல்லேலாது. எடையைக் குறையுங்கோ, நடவுங்கோ, வருசா வருசம் வாங்கோ."

சந்தோஷப்படுவதா, அழுவதா?

வீட்டுக்கு வந்து லாசரஸிடம் கத்திவிட்டேன். நீங்க சொன்னதைக் கேட்டு உக்காந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா? அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நடக்கலாம்" என்றார்.

7-9-1984
இல்லை.

13-9-1985
இல்லை. ஆனால் போன வருடத்தைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது. ரிசல்ட் வரும்வரை ஒரு வாரம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருடா வருடம் இப்படித்தானா?

11-9-1987
வந்துவிட்டது.

டாக்டர் சொன்னபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், நடுங்கும் என்று. நடுங்கவில்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்றார். காலையில் ஒரு சின்ன மாத்திரை.

அழுதது லாசரஸ்தான். பஸ் ஸ்டாப்பில், ஒரு சீனப் பாட்டி பார்த்துக்கொண்டிருக்க.

"எந்திரிங்க, பஸ் வருது" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். பெட்டி பள்ளியிலிருந்து வந்து எழுப்பும்வரை தூங்கியிருக்கிறேன்.