தியாகம்னு மேடையில் நான் சொன்னது

ஜூலை 2, வியாழன்

ராஜபாளையம். விடிஞ்சதிலிருந்து சாரல். முட்டி வீக்கம் குறையல. ஐஸ் ரெண்டு தடவை. கபடி லீக் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நாலு நாள். ஜமீலா அக்கா மில்லுக்குப் போயிட்டா, மொத ஷிப்ட்.

நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல பாராட்டு விழா. பி.டி. டீச்சர் போன். "கபடிக்காக நீங்க செஞ்ச தியாகத்தப் பத்திப் பேசுங்கம்மா. பிள்ளைகளுக்கு மனசுல பதியணும்."

குறிப்பு எழுதினேன்: தூக்கம். இனிப்பு. பெருநாள். அத்தா மௌத்து.

கடைசியை, பெத்த தகப்பன் சாவை மட்டும் அடிச்சேன். பொறவு திரும்ப எழுதினேன்.

ஜூலை 3, வெள்ளி

அக்காவும் லீவு போட்டுட்டு கூட வந்தா. மூணாவது வரிசையில உக்காந்திருந்தா.

நல்லாப் பேசினேன். "சில வருசத்துக்கு முந்தி, பைனல் அன்னைக்கு அத்தா சாகக் கெடக்காருன்னு சேதி. கோச் லீவு தரல. அழுதுகிட்டே ஆடினேன்." ஒரே கைதட்டல். டீச்சர் கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு அவங்க போட்ட சால்வையை அக்கா மடியில வச்சு மடிச்சுக்கிட்டே இருந்தா.

இங்க மட்டும் எழுதுறேன். கோச் சொன்னது: "போயிட்டு வா. ஒன் எடத்துக்கு ஆள் இருக்கு." ஆள் இருக்குன்னதுதான் குத்துச்சு. போகல. அழவும் இல்ல. ஒன்பது பாயிண்ட் எடுத்தேன். சந்தோஷமா இருந்துச்சு. ரொம்ப.

திரும்புற பஸ்ல பால்கோவா தின்னேன். "இனிப்ப விட்டுட்டேன்னு சொன்னியே?" அக்கா. சிரிக்கல.

ஜூலை 4, சனி

சாரல் இல்ல. முட்டி பரவாயில்ல. துணி துவைக்கல.

அக்காவும் கபடி ஆடினவதான். என்னைவிட வேகம். அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தப்போ யாராவது ஒருத்தி வீட்ல இருக்கணும். பேசி முடிவு பண்ணல. நான் பையைத் தூக்கிக்கிட்டு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போயிட்டேன், அவ்வளவுதான். அவ மில்லுக்குப் போனா.

மத்தியானம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. சொல்லிட்டேன். "கோச் போகச் சொன்னாருக்கா. நாந்தான் வரல."

"தெரியும்."

கை நிக்கல அவளுக்கு.

"அன்னைக்கே போன் போட்டாரு ஒங்க கோச். போகமாட்டேங்குறா, நீங்க சொல்லிப் பாருங்கன்னாரு."

"பொறவு ஏன் என்னையக் கூப்பிடல?"

"கூப்பிட்டா ஆட்டம் போச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அத்தா சின்னவ எங்க, சின்னவ எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. 'கோச் லீவு தரலயாம் அத்தா'ன்னேன். கோச்சத் திட்டி வஞ்சாரு. அம்புட்டுத்தான்."

நான் மேடை மேடையாச் சொன்ன பொய்யை, எனக்கு முன்னாடியே அவ சொல்லியிருக்கா. என்னையக் காப்பாத்த. நான் சொன்னது கைதட்டலுக்கு.



ஜூலை 5, ஞாயிறு

வெயில். செட்டியார்பட்டி கபடிக் குழு விழா. அக்கா வரல.

அதே கேள்வி, என்ன தியாகம் பண்ணுனீங்கன்னு. குறிப்பை எடுக்கல. "நான் எதையும் விடல. புடிச்சதைச் செஞ்சேன். விட்டது எங்க அக்கா ஜமீலா"ன்னேன். கோச், போன், அத்தா கேட்டது, எல்லாம் சொன்னேன். 

எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டினாங்க. ஸ்ரீவில்லிபுத்தூரை விட அதிகம். முன்வரிசையில ஒரு அம்மா: "எம்புட்டுப் பெரிய மனசு இந்தப் புள்ளைக்கு!"

வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தா.

"எம் பேரச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அத்தா ஒன்னையக் கேட்டது?"

"அதையும்."

பெசஞ்ச சோத்தைத் தட்டுலயே விட்டா.

"அதுக்கும் கைதட்டுனாங்களா?"

"ம்."

தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு.