பவளத்தின் குட்டிகள்

கோவிலூர்
1913, ஆவணி 12

அன்புள்ள தம்பி ஏகப்பனுக்கு,

சிவகங்கையில் நீயும் உன் வீட்டாரும் உன் வேட்டை நாய்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை.

போன வருஷம் நீ கொடுத்தனுப்பிய வீமன், நேற்றுக் காலை முற்றத்தில் படுத்திருந்தவன், திடீரென்று வெட்டி இழுத்து விழுந்தான். நாலு காலும் ஓடுவதுபோல அடித்துக்கொண்டன. வாயெல்லாம் நுரை. மருமகள் கண்ணம்மை கைப்பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தலையைத் தாங்கினாள். பல் அவள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வீமன் தானே எழுந்தான். தள்ளாடிப் போய்த் தொட்டியில் தண்ணீர் குடித்தான். என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டினான். அதற்குள் தெருவார் "வெறிநாய், வெறிநாய்" என்று உலக்கையோடு உள்ளே வந்து அடித்துக் கொன்று, எரித்தும் விட்டார்கள்.

குன்னூருக்குப் போய்ப் பதினாலு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார் காரைக்குடி டாக்டர். அது முடியும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாதாம். பிள்ளைக்கு ஏழே மாதம். உன் அத்தானும் என் மகனும் ரங்கூனில் இருக்கிறார்கள். நானும் வேலையாள் பெத்தனும்தான் அவளைக் கூட்டிப்போக வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீமனைப் பெற்ற பவளத்துக்கோ, கூடப் பிறந்த குட்டிகளுக்கோ இப்படி வந்ததுண்டா? மறு தபாலில் ஒரு வரி எழுது.

உன் உடன்பிறந்த ஆச்சி
நாகம்மை


சிவகங்கை
ஆவணி 15

மரியாதைக்குரிய ஆச்சிக்கு,

கடிதம் கண்டு கை கால் ஓடவில்லை. என் நாய்களில் இப்படி ஒன்றும் எக்காலத்திலும் கிடையாது. பவளத்தைப் போலச் சுத்தமான வேட்டை இனம் இந்த ஜில்லாவிலேயே இல்லை. வீமனை ஏதோ தெருநாய் கடித்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஊசி போட்டுவிடுவதே நல்லது. யோசிக்காமல் கிளம்புங்கள்.

இன்னொன்று. அந்த நாய் யார் வீட்டிலிருந்து வந்தது என்று காரைக்குடியில் யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ள வேண்டாம். துரைமார் வந்து போகிற இடம் இது. ஒன்றைப் பத்தாகப் பேசுவார்கள்.

தம்பி
ஏகப்பன்


குன்னூர்
ஆவணி 28

தம்பிக்கு,

மானாமதுரைவரை வண்டி, பிறகு ரயில் மாற்றி மாற்றி ஒருவழியாக வந்து சேர்ந்தோம். இன்றோடு ஊசி எட்டு. கண்ணம்மையின் வயிறு கல்லுப்போல வீங்கியிருக்கிறது. அவள் அதற்கு அழவில்லை. முதல் நாலு நாள் பால் கட்டிக்கொண்டு ஜுரம் கண்டது. பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டபோதுதான் அழுதாள். இப்போது பாலே சுரக்கவில்லை. பிள்ளை ஊரில் அவள் தாயாரிடம் ஆட்டுப்பால் குடித்துக்கொண்டிருக்கிறான்.

இங்குள்ள டாக்டர் என்னிடம் எல்லாம் விசாரித்தார். விழுந்த நாய் எழுந்து தண்ணீர் குடித்ததா, ஆளைத் தெரிந்துகொண்டதா என்று இரண்டு தரம் கேட்டார். "அது வலிப்பாகவே இருக்கலாம் அம்மா. ஆனால் நாயும் இல்லை, அதன் தாய் தகப்பனைப் பற்றித் தெரிந்தவரும் இல்லை. துணிந்து ஊசியை நிறுத்த என்னால் முடியாது" என்றார்.

உன் கடிதத்தை ரயிலில் மறுபடி படித்தேன். தெருநாய் கடித்தது என்று சிவகங்கையில் இருந்துகொண்டு எப்படிக் கண்டாய்? கண்ணம்மைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு சொல் அதில் இல்லையே, ஏன்? வீமனோடு பிறந்த குட்டிகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன?

நாகம்மை


சிவகங்கை
புரட்டாசி 9

ஆச்சிக்கு,

நீங்கள் ஊர் திரும்பிய செய்தி அறிந்து நிம்மதி. கண்ணம்மைக்காக இங்கே அபிஷேகம் செய்து விபூதி அனுப்பியிருக்கிறேன். நல்ல பசு நெய்யும் வருகிறது.

உங்கள் கடிதம் போலீஸ்காரர் விசாரணைபோல இருந்தது. தம்பியிடம் இப்படியா கேட்பது? குட்டிகள் எல்லாம் நல்ல இடத்தில் இருக்கின்றன. ஒன்று நம் வக்கீல் வீட்டில் ராஜாமாதிரி வளர்கிறது. அதற்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

ஏகப்பன்


கோவிலூர்
புரட்டாசி 21

ஏகப்பனுக்கு,

நெய்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பெத்தனை அனுப்பினேன். உன் வீட்டுக்கு வருமுன் வக்கீல் வீட்டுக்குப் போகச் சொன்னது நான்தான். அவன்மேல் கோபப்படாதே.

வக்கீல் சம்சாரம் நீலாயதாட்சி அவனிடம் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "நாயா? மாசத்துக்கு ரெண்டு தரம் விழுந்து வெட்டுதப்பா. ஏகப்பச் செட்டியார் வந்து பாத்தாக. இது போகப் போகச் சரியாயிரும், வெளிய சொல்லிறாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டாக. தாய்க்கும் இருக்கான்னு எங்க வீட்டுக்காரக கேட்டதுக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டாக."

அங்கிருந்து உன் வீட்டுக்கு வந்தவன் பவளத்தையும் பார்த்திருக்கிறான். "நெறமாசமா நிக்கிது ஆச்சி. இது நாலாவது ஈத்தாம்" என்கிறான்.

ஆக, உனக்குத் தெரியும். குட்டியைக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தால் கண்ணம்மை வாயருகே கையைக் கொண்டுபோயிருக்க மாட்டாள். தெருவார் உலக்கை எடுத்தபோது நான் குறுக்கே நின்றிருப்பேன். அன்று வேண்டாம், நான் கேட்டு எழுதியபோதாவது சொல்லியிருந்தால் குன்னூர் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அத்தனையும் தெரிந்த பிறகும் பவளத்தை மறுபடி இணை சேர்த்திருக்கிறாயே, எதற்கு?

நாகம்மை


சிவகங்கை
ஐப்பசி 3

ஆச்சி,

இனி மறைக்க ஒன்றுமில்லை. பவளத்துக்கு இரண்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. முதல் ஈற்றிலேயே இரண்டு குட்டிகளுக்கு வந்தது. ஒன்று விழுந்து விழுந்தே செத்தது.

நான் ரங்கூனிலிருந்து ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எவனும் என்னை உட்காரச் சொன்னதில்லை. பவளம் முயலை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் கலெக்டர் முகாமில் எனக்கு நாற்காலி போட்டார்கள். "பவளத்தின் குட்டி ஒன்று" என்று பெரிய மனிதர்கள் என் வாசலில் வந்து கேட்டார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

எல்லாக் குட்டிக்கும் வருவதில்லை ஆச்சி. ஆறில் இரண்டு. மற்ற நாலும் காற்றுப்போல ஓடுகின்றன. நோய் கண்ட குட்டியைக் கிணற்றில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒன்றையும் கொன்றதில்லை. நீங்கள் கேட்டு எழுதிய அன்று உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேறு எழுதிவிட்டது.

பவளத்துக்கு இதுவே கடைசி ஈற்று. சத்தியம்.

ஏகப்பன்


சிவகங்கை
மார்கழி 10

ஆச்சிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டைக்குட்டி வருகிறது. பயப்பட வேண்டாம், இது பவளத்தின் குட்டியல்ல, தாய் வேறு. பேரன் விளையாட வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் சீரோடு நானே நேரில் வந்து கண்ணம்மையிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி


கோவிலூர்
மார்கழி 14

ஏகப்பனுக்கு,

குட்டி வந்து சேர்ந்தது. வழியில் ஒன்றும் குடிக்கவில்லை போலிருக்கிறது. வந்ததும் ஒரு கிண்ணம் பாலை நக்கித் தீர்த்தது.

தாய் வேறு என்கிறாய். இருக்கலாம். பெத்தன் பல்லைப் பார்த்துப் பத்து வாரம் ஆகியிருக்கும் என்றான். பவளம் ஈன்றதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஐப்பசியில் உன் வீட்டில் இன்னொரு நாயும் ஈன்றதா என்று விசாரிக்க ஆள் அனுப்பலாம். அனுப்பவில்லை. என் தம்பி சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கிற வேலை ஒரு தரம் செய்ததே எனக்குப் போதும்.

திருப்பி அனுப்பத்தான் கூடையை எடுத்தேன். கண்ணம்மை வாங்கி வைத்துக்கொண்டாள். "அது என்ன செஞ்சுச்சு அத்தை? பொறக்கணும்னு அதுவா கேட்டுச்சு? விழுந்தா விழட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றாள். வலிப்பு வந்தால் தலைக்கடியில் துணியை வைத்துவிட்டு விலகி உட்கார வேண்டும், வாயருகே கை போகக் கூடாது என்று பெத்தனுக்கும் அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இதற்கு இணை சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டோம். நோயோடு பிறந்துவிட்டதைக் காப்பாற்றுவது வேறு. தெரிந்தே பிறக்கவைத்து, வாயை மூடிக்கொண்டு ஊர் ஊராகக் கொடுத்தனுப்புவது வேறு. நீ ஒன்றையும் கொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். வீமனை அடித்த உலக்கையில் உன் கையும் இருந்தது.

பவளத்தின் குட்டிகள் போன வீடுகளுக்கெல்லாம் நீயே உன் கையால் எழுது. எழுதிவிட்டேன் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நீ சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் சொல்லட்டும்.

அதுவரை பிறந்த வீட்டுச் சீர் எனக்கு வேண்டாம். பொங்கலுக்கு வராதே. வந்தால் பெத்தன் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவான். குட்டி உள்ளே இருக்கும்.

நாகம்மை