கூறைச் சேலையில் தைத்த கைப்பை

சிவமயம்

ஸ்ட்ரெதம்,
லண்டன்.
20.10.1996

அன்புள்ள மகன் அம்பலவாணனுக்கு,

அம்மா எழுதிறது. அம்மாளாச்சியின்ர காவலில நான் உயிரோட இருக்கிறன், முழங்கால்தான் குளிர் தொடங்கினதில இருந்து சொல்வழி கேக்குதில்லை. நீங்கள் ரண்டு பேரும் உங்க ஒசாக்காவில ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் எண்டுதான் இப்பவும் விளக்குக் கொளுத்திறன், கோவம் எண்டதுக்காக அதை விடேல்லை. உன்ர அக்கா வசந்தமலருக்கு வேலையில ஷிப்ட் மாத்திப் போட்டினம், விடிய நாலரைக்கு எழும்பிப் போறாள். அத்தான் குகதாசன் வழமை போலத்தான், கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிறதும் பதில் வரேல்லை எண்டு ஏசிறதும். அக்காவின்ர மகள் சிவகௌரிக்கு வாற வருசம் பெரிய சோதினை, புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு காதில பாட்டுக் கேட்டபடி இருக்கிறாள், கேட்டால் அதுதான் படிப்பாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோட ரெலிபோனில கதைக்கேக்க, அம்மா ஏன் என்னோட கதைக்கிறா இல்லை, ஒரு பழஞ்சேலைக்கு இவ்வளவோ எண்டு கேட்டியாம். ஆனபடியால் முதலில இருந்து எழுதிறன். நான் மூண்டாம் வகுப்போட நிண்டவள், எழுத்தில பிழை இருக்கும், அதைப் பார்த்துச் சிரிக்கிறதெண்டால் சிரி. ஞாபகத்தில பிழை இராது.

அத்தானின்ர தங்கச்சி மகளுக்கு ரொறன்ரோவில கலியாணம் எண்டு தெரியும்தானே. எல்லாரும் கொண்டு போற மாதிரிச் சென்ற் போத்திலும் சொக்கிளேற்றும் கொண்டு போகாமல், கொஞ்சம் நாகரிகமாக ஏதாவது கொண்டு போவம் எண்டு அக்கா சொன்னாள். உன்ர மனுசி யூமிகோ தைக்கிற சாமான்கள் லண்டனில பிக்கடில்லிப் பக்கம் ஒரு பெரிய கடையில ஜப்பான் மாதம் எண்டு வைச்சு விக்கினமாம், அங்க போவம் எண்டாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஏன் ஒளிப்பான். கால் நோவோட ரெயின் மாறி, படியேறி, சிவகௌரியின்ர தோளில பிடிச்சுக்கொண்டு போனன். மூண்டாம் மாடியில காகித வெளிச்சக்கூடு எல்லாம் தொங்கவிட்டு, பழைய கிமோனோப் பட்டை வெட்டித் தைச்ச கைப்பையள், கழுத்துப்பட்டியள், துணிப்பூ வைச்ச கொண்டை ஊசியள், அலை போட்ட கொக்குப் போட்ட சால்வையள், மரச்சீப்புக்கு ஒரு பட்டு உறை, எல்லாம் வடிவு. நான் பொய் சொல்ல மாட்டன், வடிவுதான். பழசு எண்டும் சொல்லேலாது, இப்பத்தைய பெட்டையளும் போட்டுக்கொண்டு போவினம். அந்த விக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைக்கு, இது என்ர மருமோள் தைச்சது எண்டு சொல்லடி எண்டு சிவகௌரியைக் கொண்டு சொல்லுவிச்சன். அவள் வெக்கப்பட்டு, அம்மம்மா மெல்லமாகக் கதையுங்கோ எண்டாள். நான் ஏன் மெல்லமாகக் கதைப்பான், அந்த நேரம் எனக்குத் தலை முகட்டில முட்டிக்கொண்டு நிண்டது.

அக்கா மாப்பிள்ளைக்கு ஒரு கழுத்துப்பட்டி பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு கண்ணாடிக்கூடு வாங்குவம் எண்டு ஒண்டைக் கையில எடுத்தன். அரக்குச் சிவப்பு, ஓரத்தில ஒடுங்கின சரிகை. கை அறிஞ்சு போட்டுது தம்பி, கண் அறிய முதல். திருப்பிப் பாத்தன், அடியில கடுகளவு ஓட்டை, அதில பச்சை நூல் இழைச்சிருக்குது.

அந்தப் பச்சை நூல் என்னெண்டு உனக்குத் தெரியாதெண்டு மட்டும் சொல்லாதே, சின்னனில நூறு தரம் கதை கேட்டனீ. அம்பத்தொண்டாம் ஆண்டு ஆவணியில மணவறையில ஐயர் நெய்யை அள்ளி ஊத்த ஒரு பொறி பறந்து என்ர கூறைச் சேலையில விழுந்தது. அடுத்த நாள் உன்ர ஐயா வீட்டில சிவப்பு நூல் கேட்டன், இல்லை எண்டிச்சினம், பச்சையில இழைச்சன். உன்ர ஐயாவின்ர தமக்கை, பாலாம்பிகை மச்சாள், எல்லாருக்கும் முன்னால பச்சைப்புழு ஊருது போல கிடக்கு எண்டு சொல்லிச் சிரிச்சவ. கூறை எடுக்கப் போனதும் அவதான். ரண்டு சேலை கொண்டு வந்து, அகலச் சரிகை போட்டதைத் தனக்கு வைச்சுக்கொண்டு ஒடுங்கின சரிகையை எனக்குத் தட்டத்தில வைச்சு அனுப்பினவ. அந்த அகலச் சரிகையை உடுத்துக்கொண்டுதான் என்ர தாலிகட்டில எனக்குப் பின்னால நிண்டவ. நாப்பத்தஞ்சு வருசமாச்சுது, நான் மறக்கேல்லை, மறக்கிற எண்ணமுமில்லை. ஆனால் ஒடுங்கினதோ அகலமோ, கட்டினது அதைத்தான். எண்பத்தேழில சண்டைக்குள்ள வீட்டை விட்டு வெளிக்கிடேக்க காணி உறுதியை எடுக்காமல் கூறையை எடுத்தனான், அதுக்காக உன்ர ஐயா கோயில் மண்டபத்தில ரண்டு நாள் என்னோட கதைக்காமல் இருந்தவர். அடுத்த வருசமே அவரும் கண்ணை மூடிட்டார்.

தொண்ணூற்றி நாலில நீ யூமிகோவை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்து தாலி கட்டினாய். ஜப்பானில தன்ர தாய் தேப்பனுக்கு முன்னாலயும் ஒருக்கால் சேலை உடுத்துப் படம் எடுக்கவேணும் எண்டு அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டுது, நான் அலுமாரியைத் திறந்து கூறையைக் குடுத்தன். குடுக்கேக்க உனக்குத்தான் சொன்னனான், அவளுக்குத் தமிழ் தெரியாது. உடுத்துப் போட்டு நம்பிக்கையான ஆள் வரேக்க திருப்பி அனுப்பு, என்ர அம்மாவை அவவின்ர கூறையிலதான் சுத்திச் சுடலைக்கு அனுப்பினது, நானும் அப்பிடித்தான் போகவேணும் எண்டு சொன்னன். நீ குசினியில நிண்டு புட்டுக்குச் சம்பல் போட்டுக்கொண்டு ஓம் அம்மா எண்டு சொன்னனீ. ரண்டு தரம் சொன்னனீ.

அந்தக் கண்ணாடிக்கூட்டில ஒரு சின்ன மட்டை கட்டியிருந்தது, சிவகௌரி வாசிச்சுச் சொன்னாள். இது என்ர கணவரின்ர தாயார் தந்த மணச்சேலை, பெட்டிக்குள்ள இருந்து இத்துப் போகாமல் நாலு பேரின்ர கையில வாழட்டும் எண்டு அவவின்ர ஆசியோட வெட்டித் தைச்சது எண்டு இருக்குதாம். என்ர ஆசியோட. நான் கதிரை கேட்டு இருந்திட்டன். அக்கா வந்து பாத்திட்டு அந்த விக்கிற பிள்ளையிட்ட விசாரிச்சாள். சிவப்பில அஞ்சு சாமான் வந்ததாம், மூண்டு வித்துப்போச்சாம். மிச்சம் ஒரு கழுத்துப்பட்டியும் கண்ணாடிக்கூடும். ரண்டையும், என்ர கூறையை நானே விலை குடுத்து வாங்கிக்கொண்டு வந்தன், அந்தப் பிள்ளை நல்ல வடிவாகப் பூக்காகிதத்தில சுத்திப் பரிசுக்கோ எண்டு கேட்டுது.

அண்டு நடுச்சாமம், உங்க விடிஞ்ச பிறகு, அக்கா ஒசாக்காவுக்கு ரெலிபோன் எடுத்தாள். நீ வேலையில, யூமிகோதான் கதைச்சவள். அந்தப் பிள்ளை விம்மி விம்மி அழுததாம். தங்கட பக்கத்தில பெரியாக்களின்ர நல்ல பட்டை அப்பிடி மாத்தித் தைக்கிறதுதான் அதுக்குச் செய்யிற மரியாதையாம். ஆனாலும் அம்மாவைக் கேப்பம் எண்டு தான் ரண்டு தரம் சொன்னதாகவும், கேக்கத் தேவையில்லை, அது அங்க சும்மா கிடந்த சேலை, அம்மா சந்தோசப்படுவா எண்டு நீ சொன்னதாகவும் சொன்னாளாம். பதினொரு வயசில என்ர தையல் பெட்டியைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கேளாமல் தூக்கிக்கொண்டு போய்த் துலைச்சுப்போட்டு வந்தும் இதைத்தான் சொன்னனீ, சும்மாதானே கிடந்தது எண்டு. உனக்கு ஒரு சாமான் சும்மா கிடக்குதோ காத்துக் கிடக்குதோ எண்டு இண்டைக்கும் தெரியாது.

இனித்தான் நான் எழுத விரும்பாதது. வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனனாங்கள். அங்க பாலாம்பிகை மச்சாள் நிக்கிறா, கையில சிவப்புக் கைப்பை. முந்தானையில தைச்சது, மாங்காய்ப் பூ முழுசாகத் தெரியுது, பிடிக்கு மூங்கில் வளையம். தன்ர மகன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது எண்டு நாலு பேருக்குக் காட்டிக்கொண்டு நிண்டா. என்னைக் கண்டிட்டு, என்ன கமலம் முழிக்கிறாய், ஜப்பான் சாமான், பழசும் புதுசும் சேந்த ஃபாஷனாம், உங்களுக்கெல்லாம் உது விளங்காது எண்டா. நான் அவவோட நேரா நிண்டு கதைச்சு எட்டு வருசம், உன்ர ஐயாவின்ர செத்தவீட்டில கூடத் தலைதான் ஆட்டினனான். என்ன செய்யிறது, செருப்புக் கழட்டிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னன். மச்சாள், உது என்ர கூறை எண்டு சொன்னன். எனக்குத் தாங்கோ எண்டு கேட்டன். கேட்டன் தம்பி, என்ர வாயால கேட்டன்.

அவ பையைத் திருப்பித் திருப்பிச் சரிகையைப் பாத்தா. பிறகு அதுக்குள்ள இருந்த பஸ் பாஸ், மருந்துப் பெட்டி, விபூதிப் பொட்டலம், பல்லுக்கட்டு டப்பா எல்லாத்தையும் எடுத்து அர்ச்சனைச் சாமான் கொண்டு வந்த பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டா. வெறும் பையை என்ர கையில வைச்சா. அண்டைக்கும் நான்தான் தந்தனான், இண்டைக்கும் நான்தான் தாறன், கொண்டு போ எண்டா. சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தப் பிளாஸ்ரிக் பையைப் பிடிச்சுக்கொண்டு பஸ் ஏறிப் போறா. நாப்பத்தஞ்சு வருசம் அவவுக்கு ஒரு நன்றியும் சொல்லாமல் வாழ்ந்தவளைக் கடைசியில நன்றி சொல்ல வைச்சாய். அதுக்கு உனக்கு மன்னிப்பு இல்லை, கேட்டும் எழுதாதே.

மூண்டையும் நானே தையல் பிரிச்சன். யூமிகோவின்ர தையல் நல்ல பொடித் தையல், பிரிக்க ரண்டு நாள் எடுத்தது. கட்டிலில விரிச்சு வைச்சுப் பாத்தன். என்னைச் சுத்தக் காணாது. முகத்தை மூட மட்டும் காணும்.

மிச்சமெல்லாம் அங்கயே வித்துப்போச்சாம், சேலையின்ர உடல் பக்கத்தில ரண்டு முழம் மட்டும் வெட்டாமல் கிடக்குதெண்டு யூமிகோ அக்காவுக்குச் சொன்னவளாம், அதை அனுப்பச் சொல்லு. தோய்க்க வேண்டாம், அயன் பண்ண வேண்டாம், வடிவான பெட்டியும் வேண்டாம். யூமிகோவே கட்டித் தபாலில போடட்டும், நீ தொடாதே. இஞ்ச வித்துப்போன மற்ற ரண்டும் ஆரிட்டப் போச்சுதோ போகட்டும், அதைத் தேடி இந்தக் காலோட லண்டன் முழுக்கத் திரிய என்னால ஏலாது. அந்தப் பிள்ளையோட எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அதை அவளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு, இதையாவது ஒழுங்காகச் சொல்லு. அவளை அழ விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, வயித்தெரிவுக்கு வெந்தயம் ஊறவைச்சுக் குடி.

அக்காவுக்குச் சொல்லி வைச்சிட்டன், நீயும் அறிஞ்சு வைச்சிரு. என்ர காரியம் வரேக்க நீ வரத்தான் வேணும், ஒரே மகன், கொள்ளி உன்ர கையாலதான், இஞ்ச அதுக்கும் ஒரு பொத்தானைத்தான் அமத்த விடுவினம், அமத்து. ஆனால் அந்தத் துணியில நீ கை வைக்கக் கூடாது. அதை என்ர முகத்தில யூமிகோ போடட்டும். கேட்டுச் செய்ய நினைச்சவள் அவள்தான்.

ரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், மனம் ஒத்து, நூறு வயசுக்கு இருக்கவேணும். அம்மாளாச்சி துணை.

மறக்காதே, ரண்டு முழம்.

உன்னைப் பெத்த அம்மா,
கமலாம்பிகை