நூல் நிழலில் வைத்த ஆன்டெனா

நீ செய்த ஆன்டெனா என் மேசைமேல் இருக்கிறது. கம்பிகளில் அரக்குச் சாயம். ஈரப் பட்டு நூலின் வாடை இன்னும் போகவில்லை. உன் வருஷத் திதிக்கு வந்தபோது அது உங்கள் மொட்டைமாடியில் நூல் உலர்த்தும் கழியாகியிருந்தது. "எடுத்துக்கினு போம்மா, உன்கிட்ட இருக்கட்டும்" என்றார் உன் மாமியார். இந்த மடல் உன்னிடம் சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் நாம் இருவரும் இயற்பியல் சொல்லிக்கொடுத்த அந்தக் கோடை நினைவிருக்கிறது. ஆன்டெனாவின் இரைச்சல் வெப்பநிலையை அளந்து காட்டினால் ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வதாகப் பல்கலைக்கழகத்தில் உன்னிடம் சொல்லியிருந்தார்கள். கம்பியின் சூடு அல்ல அது. ஆன்டெனா எதைப் பார்க்கிறதோ அதன் சூடு. வெதுவெதுப்பான தரையைப் பார்த்தால், அதோடு இணைக்க நீ கட்டிய ரிசீவரில் இரைச்சல் கூடும், மீட்டர் முள் ஏறும். குளிர்ந்த வெறும் வானத்தைப் பார்த்தால் குறையும், முள் இறங்கும்.

"வெயில்ல நிக்காதீங்கமா" என்று உன் மாமியார்தான் இடம் காட்டினார். சாயம் தோய்த்து, கழிகளில் வரிசையாகக் கற்றை கற்றையாகத் தொங்கிய ஈர நூல் சிட்டங்களின் அடியில் நல்ல நிழல். அங்கே உட்கார்ந்து ஆன்டெனாவை மேலே திருப்பினோம். முள் அசையவில்லை.

"இன்னாமா, கம்பிக்கு ஜுரமா? ரெண்டு டீச்சரும் டெம்பரேச்சர் பாத்துக்கினே கீறீங்க."

"ஜுரம் எறங்க மாட்டேங்குது அத்தே" என்று நீ சிரித்தாய். என் பக்கம் திரும்பி, "ரிசீவரே இரையுதுடி. நான் கட்டினது அவ்ளோதான்" என்றாய். ரிசீவரின் வால்வுகளை மாற்றினாய். பலனில்லை. கடைசியில் ரிசீவரைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டாய். பல்கலைக்கழகத்துக்கு நீ விண்ணப்பிக்கவேயில்லை.

சென்ற வாரம் கல்லூரியிலிருந்து அதே ரிசீவரைக் கொண்டுவந்து, நூலோ மரமோ இல்லாத என் மாடியில் ஆன்டெனாவை வானம் பார்க்க வைத்தேன். முள் சட்டென்று இறங்கியது. நான் ஒரு தடவையில் நம்புகிறவள் அல்ல. ஈர நூல் சிட்டங்களை வாங்கிவந்து மேலே தொங்கவிட்டேன், ஏறியது. எடுத்தேன், இறங்கியது. நாம் வானத்தை அளக்கவேயில்லை. தலைக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்த ஈர நூலின் சூட்டை அளந்துவிட்டு, உன் கையைக் குறை சொன்னோம். இந்த ஊரில் பிறந்த நமக்கு, மாடியில் நூல் தொங்குவது ஒரு பொருளாகவே கண்ணில் படவில்லை.

இப்போது மாணவிகள் கருவி சரியில்லை என்று வந்தால், அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உன் ரிசீவர் நன்றாகத்தான் இருந்தது. இதை உன் மாமியாரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். நிழல் காட்டியவர் அவர். சொல்லவில்லை.