என் இரைப்பையின் வீடியோ

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும்.

கட்டியை எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். வாய் வழியாகக் குழாயை விட்டு, இரைப்பைச் சுவரிலிருந்து அதை அறுத்து, ஓட்டையைக் குட்டிக் குட்டிக் கிளிப் போட்டு மூடி, போன வழியே வெளியே எடுத்துவிட்டார் டாக்டர். கோலிக்குண்டு அளவுதான். லட்சத்தில் ஒருவருக்கு வருவதாம், என்னைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறது. சோதனை முடிவில் மிச்சம் மீதி எதுவும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். வயிற்றின் மேல் ஒரு கீறல் கிடையாது. அதுவே வம்பாகிவிட்டது போ. கம்பெனிக்குப் போனால் சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்து, ஆபரேஷன்னு லீவு எடுத்தீங்க, ஆளு கல்லு மாதிரி இருக்கீங்களேன்னு எல்லோர் முன்னாலும் கேட்டார். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையல் பார்க்கிற வேலையை இருபது வருடமாகச் செய்கிறேன், என்னை எப்படித் திருப்பிக் காட்டுவது?

அவரை விடு. ஊரார் வயிற்றுக்குள் குழாய் விட்டு வைத்தியம் பார்க்கிற நீயே, தையல்கூட கிடையாதும்மா, மறுநாளே எழுந்து நடப்பே, இதுக்கு நான் எதுக்கு வரணும்னு சொன்னாய். சரி என்றேன். முட்டிவலியோடு உன் அத்தைதான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டை மூடாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டபோது, இன்னொரு தடவை படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் போட்டாளாம். மறுநாள் நீ போன் பண்ணியதும் பாவம், ஓடிவந்து என் காதில் வைத்தாள். நீ கேட்டது என்ன? வீடியோ கிடைக்குமா என்று. அனுப்பிவைத்ததும் நாற்பது நிமிட வீடியோவையும் முழுதாகப் பார்த்துவிட்டு, சூப்பர் கேஸும்மா, நான் பேசப்போற டாக்டர்கள் கூட்டத்துல இதைக் காட்டணும் என்று குதித்தாய். நாலு வருடத்தில் என் முகத்தை நீ அவ்வளவு நேரம் பார்த்ததில்லையடா.

நீ அனுப்பிய சம்மதப் படிவமும் வந்து சேர்ந்தது. நோயாளி உங்களுக்கு உறவா என்று கேட்ட இடத்தில், இல்லை என்று நீயே நிரப்பி வைத்திருக்கிறாய். கேட்டால், சொந்தக்காரங்க கேஸைக் காட்ட விடமாட்டாங்கம்மா, சும்மா ஒரு வார்த்தைதானே என்கிறாய். அவ்வளவு நீளக் குழாய் இறங்கியது எனக்குத் தெரியவில்லை, இந்த ஒரு வார்த்தை தொண்டையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ஆபரேஷன் அறைக்குள் போய் நிற்காதே. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மறக்காமல் பிரித்துப் பார். இல்லை என்பதை அடித்துவிட்டு, பெற்ற தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செல்லுமானால் தாராளமாகக் காட்டு. செல்லாதென்றால் வேறு யாரையாவது பெற்றவளைத் தேடிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா