கிடுகில் குத்தியிருந்த ஊக்கு

அன்று கிணற்றடியில் நான்கு பேர் இருந்தோம், அக்கா: நீங்கள், நான், என் மாமியார், வேலிக்கு வெளியே சைக்கிளில் வந்த மீன்காரர். இன்று நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பழைய வேலியைப் பிரித்தபோது ஓலைக் கிடுகில் குத்தியபடி என் ஊக்குக் கிடைத்தது. கறள் பிடித்துச் சிவந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

முந்தானையால் மூடுவதை விட்டு, தாடைக்குக் கீழே ஊக்குக் குத்தித் தலைத்துணி கட்டத் தொடங்கிய புதிது. வவுனியா பஸ்ஸில் ஒருத்தி, "உந்த மூட்டைக்கும் டிக்கெட் எடுத்ததோ?" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு வாசல் படலையைத் தாண்டினாலே நெஞ்சு படபடக்கும். "துணிதாம்மா மூச்ச அடைக்குது" என்றீர்கள் நீங்கள். "ஓதல் காணாது, இன்னும் ஓது" என்றார் மாமி. இரண்டுக்கும் தலையாட்டினேன். அந்தச் சிரிப்பைச் சொல்ல வெட்கம்.

பிறகு கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். விழித்தபோது தலையில் காற்றுப் பட்டது. துணி உங்கள் மடியில், ஊக்கு உங்கள் கையில்.

"என்னை அம்மணமாக்கிப் போட்டீங்களே!"

"செத்துப் போயிருவியோன்னு பயந்துட்டேன் தங்கச்சி."

"செத்தாலும் மூடித்தான் எடுத்திருப்பினம். கையை எடுங்கோ!"

"இப்பிடிக் கத்துறவளுக்கு மூச்சுக்கு என்ன குறை?" என்றார் மாமி. மீன்காரர் முதலே முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அது காதில் ஏறவில்லை.

நாம் கதைக்கிற வேலி இடைவெளியை அன்று பின்னேரமே கிடுகு வைத்து அடைத்தேன். மூன்று கிழமை நீங்கள் கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. பிறகு கலவரப் பயத்தில் உங்கள் குடும்பம் படகேறி இந்தியா போனது. ஊக்கைக்கூடத் தராமல் போனீர்களே என்று அதையும் ஒரு குறையாக வைத்திருந்தேன். நீங்களோ அடைத்த இடத்திலேயே, என் பக்கம் பார்க்கக் குத்தி வைத்திருக்கிறீர்கள். நான்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதன் மேலேயே புதுக் கிடுகும் கட்டினோம்.

இப்போதும் பஸ்ஸில் நெஞ்சு அடிக்கும். துணியைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்தால் அடங்கும். எனக்கு மூச்சு வருவதே அதற்குள்தான், அக்கா. அன்று இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் அதில் கை வைத்திருக்க மாட்டீர்கள்.

விட்ட நோன்புகளைக் கொப்பியில் எழுதி, பிடித்து முடித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில், மாப்புக் கேட்க வேண்டியவர்களில், உங்கள் பெயர் மட்டும் வெட்டாமல் கிடக்கிறது. உங்களைக் காயப்படுத்தியதற்கு உங்களிடம் கேட்காமல் அல்லாஹ்விடம் எப்படிக் கேட்பேன்? நோன்பு மாதம் கிட்ட வருகிறது.

இந்தியாவில் உங்கள் அகதி முகாமுக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மாப்புத் தந்தேன் என்று ஒரு வரி போதும். நோன்புக்கு முன்னம் கெதியாகப் பதில் போடுங்கோ.